ஒரு கால் கூடுதல்

கடைசித் தேதிக்கு இன்னும் நான்கு நாள்.
செக்காலை ரோட்டு ஜெராக்ஸ் கடையில்
மூன்று பல்கலைக்கழகங்களைத் திறந்து வைத்திருக்கிறேன்.
கரண்ட் போய்ப் போய் வருகிறது.
ஒவ்வொரு தடவையும் மூன்றும் செத்து
மூன்றும் பிழைத்து
பாஸ்வேர்டு கேட்கின்றன.

தில்லிப் பல்கலைக்கழகத்தின் முகப்பில்
கை உயர்த்திய ஒரு கூட்டம்.
பெரிதாக்கிப் பார்த்தேன்,
ஒரு கையிலும் காய்ப்பு இல்லை.
கடல் தாண்டிய ஒன்றின் கட்டணத்தை
ரூபாயில் பெருக்கிக் காட்டியதும்
கடைக்காரர் சாத்தையா
"அந்தக் காசுக்கு இங்கன ஒரு வளவு வாங்கலாமே" என்றார்.
மூன்றாவது கொல்லத்துக்குப் பக்கம்.
தரவரிசையில் அதைத் தேட
நெடுநேரம் கீழே இறங்க வேண்டியிருந்தது.

அண்ணன் சொல்வது ஒன்றே ஒன்றுதான்:
பி.எட். முடி.
மனித உரிமைக்கு எந்த ஊரில் போஸ்டிங் போடுகிறார்கள்?

எனக்கான பரிந்துரைக் கடிதத்தில்
தேவகோட்டை வக்கீல் உமையாள் எழுதியிருக்கிறார்:
'நான்கு வருடம் என்னிடம் தட்டச்சு செய்தாள்.
பிழை குறைவு.'

குறைவுதான்.
கண்மாய்க்கரைக் கரிமூட்டத்தில்
பதினோராயிரம் முன்பணத்துக்கு
ஆறு வருடம் கருவேலம் வெட்டியவள் பூமயில்.
அவள் மனுவில் என் விரல் தவறி
பூமாயில் என்று விழுந்தது.
ஆர்.டி.ஓ. ஆபீஸ் அதை அப்படியே
விடுதலைச் சான்றிதழில் ஏற்றியது.
முத்திரை, கையெழுத்து, தேதி
எல்லாம் சுத்தம்.

மூட்டத்து முதலாளி படித்த மனிதர்.
எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுச் சொன்னார்:
விடுதலையானவள் பூமாயில்.
எனக்குக் கடன்பட்டவள் பூமயில்.
அவள் எங்கே, அனுப்பி வையுங்கள்.

திருத்தம் வர நாற்பத்தொரு நாள்.
அத்தனை நாளும்
நான் கூடுதலாகப் போட்ட ஒரு காலுக்காக
அவள் தன் இரண்டு காலால்
தாலுகா ஆபீசுக்கு நடந்தாள்.
ஒருநாள்கூட என்னைத் திட்டவில்லை.
கரி அப்பிய நகத்தால்
திரையில் தன் பெயரைத் தொட்டு
"இதுல எது நான்?" என்று கேட்டாள்.

'இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?
ஐந்நூறு சொற்களுக்குள் எழுதவும்.'
எழுதி எழுதி அழித்தேன்.
மூன்று பாடத்திட்டத்திலும் தேடினேன்.
பிரகடனம் இருந்தது, உடன்படிக்கை இருந்தது,
எழுத்துப்பிழைக்கு ஒரு தாளும் இல்லை.

பிறகு விடுதி விதிகளைப் படித்தேன்.
தில்லியில் பெண்களுக்கு இரவு எட்டு மணி.
கொல்லத்தில் ஆறரை.
ஆண்கள் விடுதிக்கு மணியே போட்டிருக்கவில்லை.
மனித உரிமைத் துறை வைத்திருக்கிற வளாகத்தில்
இது எப்படி என்று
இரண்டு இடத்துக்கும் ஒரே கடிதம் அனுப்பினேன்.
(கடல் தாண்டியதற்கு அனுப்பவில்லை.
அங்கே கதவு திறந்துதான் இருக்கிறது,
காசுதான் இல்லை.)

தில்லியிலிருந்து வந்தது:
தங்கள் மடல் கிடைத்தது. விதிமுறை இணைப்பில் காண்க.
இணைப்பில் அதே எட்டு மணி.

கொல்லத்திலிருந்து துறை பதில் போடவில்லை.
யாரோ என் கடிதத்தை மாணவிகளுக்குத் தள்ளிவிட,
ஷைலஜா என்றொருத்தி எழுதியிருந்தாள்:
ஆறரைதான். மாறவில்லை.
பிப்ரவரியிலிருந்து நாங்கள் கேட்டுக்கு வெளியே
தெருவிளக்கில் உட்கார்ந்து படிக்கிறோம்.
கொசு அதிகம்.
வருவதானால் பாய் கொண்டு வா.

மறுபடி கரண்ட் போனது.
இருட்டில் சாத்தையா கேட்டார்,
"எதும்மா, முடிவு பண்ணியாச்சா?"
வீட்டில் இருக்கிற கோரைப்பாய்
பஸ் மேல்கூரைக்கு நீளமா என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெளிச்சம் வந்ததும் பெயர்க் கட்டத்தில்
ஒவ்வொரு எழுத்தாக,
ஒற்றை விரலால்:
சூ. அடைக்கலமேரி.
நிமிர்ந்து சரிபார்த்தேன்.
முழுப் பெயரிலும்
ஒரு கால்கூட இல்லை.

பக்கத்துக்குப் பத்து ரூபாய் என்றார் சாத்தையா.
இரண்டு பிரதி எடுக்கச் சொன்னேன்.