ரேடியேட்டருக்கு அடியில் ஒரு பகடை

மூன்று மாதம் உழைத்துக் கட்டிய கோட்டை.
பனிவாரும் வண்டிக்குள் அழைப்புக்குக் காத்திருந்தபடி
கட்டம் போட்ட தாளில், பென்சில் சீவிச் சீவி.
எழுபத்திரண்டு அறைகள், நிறையப் பொறிக்கதவுகள்,
உச்சி மாடத்தில் ஒரு சாம்பல் அரசி.
அவள் பேச வேண்டியது ஒன்றரைப் பக்கம்.
கண்ணாடி முன் நின்று
சொல்லிக்கூடப் பார்த்துவிட்டேன்.

தம்பெரே நகரம், வியாழக்கிழமை, ஆறு மணி.
அடுக்ககத்தின் நிலவறைப் பொது அறை;
சுவருக்கு அந்தப் பக்கம்
யாருடைய போர்வைகளோ எந்திரத்தில் குமுறுகின்றன.
வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டால்
பல் மருத்துவமனையில் கணக்கெழுதும் ஸிர்க்கு, திருடி.
சிலந்தியைக் கண்டால் நாற்காலியில் ஏறும் தூக்கா, வாள்வீரன்.
வென்லாவுக்கு நாளை வேதியியல் தேர்வு,
இன்று அவள் நெருப்பை அழைப்பவள்.
கட்டடக் காவலர் இல்மோ என்னவாக இருக்கிறார் என்று
இன்னும் எவருக்கும் தெரியாது.
பேச மாட்டார்.
குதிகால் கிழிந்த சாம்பல் காலுறையோடு உட்கார்ந்து
பகடையை உள்ளங்கையில் வைத்து ஊதுவார்.

கோட்டைக்கு முன்னால் ஓர் ஆறு. கடந்தால் போதும்.
அரை நிமிட வேலை.
"படகுக்காரன் பேரு?" என்றாள் ஸிர்க்கு.
படகுக்காரனுக்கெல்லாம் யார் பேர் வைத்தார்கள்?
சுவரில் தீயணைப்பான். அதில் ஒரு சீட்டு,
சீட்டில் பரிசோதகர் கையெழுத்து.
"ஹெர்மன்னி" என்றேன்.
"கல்யாணம் ஆயிடுச்சா?"
"ஆயிடுச்சு."
"சம்சாரம் எங்க?"
வாய் சும்மா இருந்திருக்கலாம்.
"இதே ஆத்துலதான்" என்றது.

போச்சு.
பதினொரு வியாழன். ஒருவரும் அக்கரை சேரவில்லை.
வலை பின்னுகிறார்கள், ஆற்றடியில் விளக்கு இறக்குகிறார்கள்,
ஹெர்மன்னிக்குக் குளிருமே என்று
தூக்கா தன் மாயக் கவசத்தை விற்றுக்
கம்பளி வாங்கித் தருகிறான்.
எழுபத்திரண்டு அறையிலும் விளக்கெரிய
அரசி உட்கார்ந்திருக்கிறாள், வசனம் மறக்காமல்.

நேற்று அந்த ஆறு
ஹெர்மன்னியின் காலைப் பிடித்து இழுத்தது.
மேசை மூச்சுவிடவில்லை.
"நான் குதிக்கிறேன்."
யார் என்று திரும்பிப் பார்த்தோம். இல்மோ.
பதினான்கோ அதற்கு மேலோ விழ வேண்டும்.
இருபது முகப் பகடை உருண்டு
காப்பிக் குடுவையில் மோதி
தரைக்குத் தாவி
ரேடியேட்டருக்கு அடியில் புகுந்தது.

அந்த நேரம் பார்த்து என் கைபேசி.
நகராட்சி. இருபது சென்டிமீட்டர் பனி, உடனே வா.
"மேசையை விட்டு விழுந்தா மறுபடி உருட்டணும், அதுதான் விதி"
என்றாள் வென்லா.
"விழுந்தது விழுந்ததுதான்." இது இல்மோ.
ஒரே இரவில் இரண்டாம் வாக்கியம்.
கோட்டின் ஒரு கையை மாட்டியபடி தீர்ப்புச் சொன்னேன்:
விழுந்ததே செல்லும்.
ஆனால் அடுத்த வியாழன் வரை
யாரும் குனியக் கூடாது.

இரவெல்லாம் தெருத்தெருவாய் வாரினேன்.
விளக்குக் கம்பங்களுக்குக் கீழே வெள்ளையாய் ஒரு ஆறு,
என் அலகுக்கு முன்னால் பிளந்து பிளந்து.
நான்தான் அவனை உண்டாக்கியவன்.
பிழைத்தானா என்று எனக்கே தெரியாது.
இதற்குப் பெயர் கதை நடத்துவதாம்.

நாலரை மணி. எங்கள் அடுக்ககம்.
தரையோடு ஒட்டிய நிலவறை ஜன்னலில் வெளிச்சம்.
சாவி இரண்டே பேரிடம். ஒன்று என் பையில்.
முகப்பு விளக்கை அணைத்து எட்டிப் பார்த்தேன்.
தரையில் யாரோ குப்புறப் படுத்திருக்க
இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன.
குதிகால் கிழிந்த காலுறை.

கண்ணாடியைத் தட்டி எத்தனை என்று கேட்டிருக்கலாம்.
ஜன்னலைப் பனி மூடிவிடாதபடி
அலகைத் தூக்கிக்கொண்டு மெல்ல நகர்ந்தேன்.
பாதத்தைப் பார்த்து எண்ணைச் சொல்ல யாரால் முடியும்.
ஆனால் கிழிசல் வழியே பார்த்தேன்,
குதிகால் ஒருமுறை
தரையைத் தட்டியது.