ஐந்து கிராம் தராசு

பொன்னுலிங்கம் ஒன்பதரைக்குக் கடை சாத்துவான்.
அதற்குப் பிறகு தராசு என்னுடையது.
தட்டில் வற்றல் தூள் ஒட்டியிருக்கும்.
ஊதி, துடைத்து, பூஜ்யம் வரும்வரை நின்று
இறக்கையின் ஒரு விலாவை வைப்பேன்.
எண் அசையாது.
ஐந்து கிராமுக்குக் கீழே
அந்தத் தராசுக்கு உலகமே கிடையாது.
எட்டு விலாக்களைச் சேர்த்து வைத்து
எட்டால் வகுத்துக்கொள்வேன்.

பகலில் எனக்குக் காற்றாலை வேலை.
பணகுடிக்குக் கிழக்கே, எழுபது மீட்டர் ஏணி,
இடுப்பில் கொக்கி, கையில் கிரீஸ் துப்பாக்கி.
அங்கே ஒரு றெக்கை ஏழு டன்.
யாரும் அதைக் குறைக்கச் சொன்னதில்லை.

இரவில் மாடியறை. இரண்டேகால் மீட்டர் இறக்கை.
மொத்தம் நாலே முக்கால் கிலோ என்று
சுவரில் பென்சிலால் எழுதி வைத்தேன்.
தாண்டினாலும் பறக்கும்.
ஆனால் நிற்காது.
மூக்கு மேலே, வால் கீழே,
புரொப்பெல்லரின் இழுப்பிலேயே
அந்தரத்தில் தொங்கி நிற்க வேண்டும்,
அதற்குத்தான் இவ்வளவும்.

பால்சாவில் ஓட்டை போட்டேன்.
ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே
மிஞ்சியதில் இன்னொரு ஓட்டை.
"மரத்துக்குத் துட்டு குடுத்தியளா,
ஓட்டைக்குக் குடுத்தியளா?" என்றாள் ஜெபக்கனி.
இரும்புத் திருகுகளை நைலானாக மாற்றினேன்.
செர்வோ வயரை விரற்கடை விரற்கடையாக வெட்டினேன்.
பசையை ஊசி முனையில் தொட்டு வைத்தேன்.
இஸ்திரிப் பெட்டியால் இழுத்து ஒட்டிய பிலிம்
ஒரே மஞ்சள்;
இரண்டு நிறம் என்றால் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்,
அதுவும் எடை.
ஜெனிலா தன் பேரை ஒட்டச் சொன்னாள்.
ஸ்டிக்கர் மூன்று கிராம் என்றேன்.
மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

எட்டாம் மாதம் எல்லாவற்றையும் பூட்டி
இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினேன்.
வால் பொத்தென்று தாழ்ந்தது.
பேட்டரியை முன்னே தள்ளினேன், இன்னும் முன்னே,
தள்ள இடமில்லாதவரை.
தாழ்ந்தபடியே இருந்தது.
மூக்குப் பக்கமே அதிகம் சுரண்டியிருக்கிறேன்,
கைக்கு எட்டிய பக்கம் அதுதான்.

உவரியிலிருந்து கிளாட்வின் வந்தான்,
கால்சட்டைப் பையில் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகளோடு.
"மக்கா, இது முங்கதுக்குச் செஞ்ச சாமானாக்கும்"
என்று சிரித்துக்கொண்டே எண்ணித் தந்தான்.
நூற்றிப் பத்து கிராம்.
மோட்டாருக்குப் பின்னே அதைக் கட்டக் கையை விட்டபோது
உள் பலகையில் பென்சில் எழுத்து தெரிந்தது.
ஜெனிலா.
கீழே தேதி. பேசாத அந்த மூன்று நாளில் ஒன்று.

கடைசி எடை நாலு கிலோ எழுநூற்று அறுபத்தைந்து.
சுவரைப் பார்க்காமல் விளக்கை அணைத்தேன்.

பங்குனிக் கடைசி, பழவூர்க் குளம்,
பாளம் பாளமாய் வெடித்த தரை.
காற்று இன்னும் எழும்பவில்லை;
என் காற்றாலைகள் வரிசையாய் வேலையற்று நின்றன.
ஒரு வட்டம் அடித்தது. கவிழ்ந்து ஒரு வட்டம்.
பிறகு மூக்கை நிமிர்த்தி, வேகத்தை ஒடுக்கி,
இரண்டு கட்டைவிரலிலும் மூச்சைப் பிடித்தேன்.
நின்றது.
பனையுயரத்தில் நின்று,
புதுவீட்டு முகப்பில் கட்டிய திருஷ்டிப் பூசணி போல
மெல்லத் திரும்பியது.
கிளாட்வின் சிரிக்கவில்லை.
"விடு, அப்படியே விடு" என்று கிசுகிசுத்தாள் ஜெனிலா,
நான் ஏதோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல.

மேற்கே முதல் றெக்கை அசைந்தது.
கணவாய்க் காற்று. அவசரமாய் இறக்கினேன்.
சக்கரம் ஒரு வெடிப்பில் மாட்டி, குதித்து, நின்றது.

இரவு மறுபடி தராசு.
ஒரு சக்கர மூடியைக் காணோம்.
இடுக்கெல்லாம் கரம்பை மண்.
நாலு கிலோ எழுநூற்று அறுபத்தைந்து.
போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு,
அது சொல்லாது.
பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து
பொன்னுலிங்கம் கேட்டான்,
"கிலோ என்ன வெலவே?"