வயிற்றுப்பாடு

பதினொரு மாதம்
என் வயிற்றுக்குக் கதவில்லை.

முதலில் குடல் முறுக்கிக்கொண்டது. அறுத்தார்கள்.
தையல் விட்டது. வலை வைத்துத் தைத்தார்கள்.
வலையில் சீழ் பிடித்தது. வலையை உருவினார்கள்.
பிறகு தைப்பதற்கு ஓரங்களே இல்லை.
ஈரப் பஞ்சுக்கு அடியில்
என் குடல் நெளிவதை
நெல்டா பார்த்திருக்கிறாள். நான் பார்த்ததில்லை.
இருமல் வந்தால் இரண்டு கையாலும்
என்னை நானே அள்ளிப் பிடித்துக்கொள்வேன்.

புந்தா அரேனாஸில் காற்று வலுக்கும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
ஆட்கள் பற்றிக்கொண்டு நடக்க.
அந்தக் கயிற்றுக்கு
ஒரு கைதான் என்னிடம் மிச்சமிருந்தது.

டாக்டர் யூத்ரோனிச். சின்ன உருவம், பெரிய குரல்.
"என்ன வேலை பார்த்தீர்கள், தோன் எலியேசர்?"
ஆட்டு ரோமம் கத்தரிப்பது, என்றேன். முப்பத்தொரு பருவம்.
"அப்படியானால் காலைக் காட்டுங்கள்."
தொடையைத் தட்டிப் பார்த்தாள்,
சந்தையில் கடா வாங்க வந்தவள் மாதிரி.
இடுப்பெலும்பின் முனையிலிருந்து முழங்கால் சில்லு வரை
ஊதாப் பேனாவால் ஒரு கோடு,
நடுவில் ஒரு வட்டம்.
வட்டத்துக்குள் அந்தக் குச்சிக் கருவியை வைத்ததும்
உஷ், உஷ், உஷ் என்று
என் ரத்தம் ரேடியோவில் பேசியது.
"இந்தக் குழாயை அறுக்கமாட்டேன்," என்றாள்.
"இதை நம்பித்தான் எல்லாம்."

தோல், கொழுப்பு, அதற்கும் கீழே
அந்தத் தடித்த வெண்சவ்வு
(ஆடு உரிக்கும்போது கத்தி வழுக்குமே, அதே சவ்வு),
இரண்டு உள்ளங்கை அகலம் எடுத்து
குழாயும் நரம்பும் அறாமல்
தசைக்கு அடியில் வழி செய்து நுழைத்து
மேலே திருப்பித் தொடுத்தார்கள்.
ஒன்பது மணி நேரம்.
தொடையில் விழுந்த பள்ளத்துக்கு
மறு தொடையிலிருந்து மெல்லிசாய் ஒரு சீவல்.
கடனை அடைக்கக் கடன் வாங்கியது போல.

இரவெல்லாம் மணிக்கொரு தரம்
நர்ஸ் ஒதீலியா விரலால் அழுத்துவாள், விடுவாள், எண்ணுவாள்.
வெளுப்பு மறைந்து சிவப்பு திரும்ப
இரண்டு எண்ணிக்கை.
விடியலில் ஒருதரம் நான்கு எண்ணினாள்.
டாக்டர் ஓடிவந்தாள், தலை கலைந்து,
என் முழங்காலுக்கடியில் ஒரு தலையணையை மடித்துத் திணித்தாள்.
அவ்வளவுதான்.
மறுபடி இரண்டு.

யோசித்துப் பாருங்கள்.
ஒவ்வொரு ஆட்டையும் புட்டத்தில் உட்காரவைத்து
இந்தத் தொடைகளுக்கு நடுவில்தான் இடுக்கினேன்.
திமிறும், உதைக்கும், சூடாய் மூச்சுவிடும்.
அமுக்கினால் மிரளும், தளர்த்தினால் ஓடும்.
இரண்டுக்கும் நடுவே ஒரு பிடி இருக்கிறது.
கைக்கு அது தெரியாது.
வயிற்றுப்பாட்டுக்காகத் தொடை கற்றுக்கொண்டது.
இப்போது குடலை அந்தப் பிடியில்தான் வைத்திருக்கிறது.

பார்க்க அழகில்லை.
முடி தப்பான திசையில் முளைக்கிறது.
தொப்புள் போயே போய்விட்டது.
"உன் அம்மா போட்ட முடிச்சைத் தொலைத்துவிட்டாயே," என்கிறாள் நெல்டா.
வேண்டுமானால் புதிதாய் ஒன்று செய்து தரலாம் என்றாள் டாக்டர்.
எதற்கு? பஞ்சு சேரவா?

நேற்று ராத்திரி
பாத்திரம் கழுவிய கையோடு நெல்டா வந்து படுத்தாள்.
"தொடையிலிருந்து கையை எடு, ஐஸாக இருக்கிறது."
"உன் தொடையை யார் தொட்டது?"
கை வயிற்றின் மேல் இருந்தது.
விலாசம் மாறியதை
நரம்பிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை.

விரலை நகர்த்தினாள். "இப்போது எங்கே?"
முழங்காலுக்கு மேலே, ஒரு சாண்.
"இப்போது?"
வெளிப்பக்கம். மெதுவாக, கூசுகிறது.
"இப்போது?"
வெடித்துச் சிரித்துவிட்டேன்.
தகரக் கூரையைக் காற்று அறைந்துகொண்டிருந்தது.
சிரித்து ஓய்ந்த பிறகுதான் கவனித்தேன்:
என் இரண்டு கைகளும்
போர்வைக்கு வெளியே
சும்மா கிடந்தன.