மூன்றாவது குழல்

சந்தியாகுவின் ஜிபிஎஸ்ஸைத் திறந்தபோது
போர்டு முழுக்கப் பச்சை பூத்திருந்தது.
கைலென்சைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு
நாலு மணி நேரம் சுரண்டினேன்.
ஒரு ஐசி மாற்றினேன்.
திரையில் மண்டபம் தெற்குத் துறை
புள்ளியாய் எழும்பியதும் கொடுத்தனுப்பினேன்.
மறுநாள் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் நின்று
துறைக்கே கேட்கும்படி சொன்னார்:
“நல்ல சில்லை உருவிட்டு
ஓட்டைச் சில்லை வச்சு விட்டுட்டா.”

இனி நான் பார்ப்பதை
அவரும் பார்த்தாக வேண்டும்.

பதினெட்டாயிரம் சீட்டு.
தள்ளு போகக் கையில் பதினைந்தே முக்கால்.

முதலில் வந்தது திரை மட்டும் உள்ளது,
கண் வைக்க இடமில்லாதது, மூவாயிரத்து இருநூறு.
படம் பளிச்சென்றுதான் இருந்தது.
ஆனால் என் கை நகர்ந்து
கொஞ்சம் பொறுத்துத்தான்
திரையில் என் கை நகர்ந்தது.
அந்தக் கொஞ்சத்தில் ஒரு ரெசிஸ்டரைத் தட்டிவிட்டேன்.
ரவையில் பாதி இருக்கும்.
குனிந்து தேடினால் தரையெல்லாம் மணல்.
அயன் முனை போர்டைத் தொட்டதா
மேலே மிதக்கிறதா என்பதை
புகை வந்த பிறகே தெரிந்துகொண்டேன்.
திருப்பி அனுப்பிவிட்டேன்.

ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரி ஏலம்.
இறால் குஞ்சின் கால்களை எண்ணிப் பழகிய
பழைய இரட்டைக்குழல், இரும்புக் கனம்.
என்ன கண்ணாடி அது!
இரண்டு கண்ணையும் வைத்ததும்
என் கட்டைவிரல் ரேகை
உழுத வயல் மாதிரி எழுந்தது.
லென்சுக்கும் மேசைக்கும் இடையே
நான்கு விரற்கடைதான் இருந்தது.
அயனைப் படுக்கப் போட்டாலும் நுழையாது.
செல்போனை ஒரு குழலில் கட்டிப் படமெடுக்கலாம் என்றார்கள்.
அப்புறம் நான் எதில் பார்ப்பதாம்?
ஏழாயிரத்துக்கு யாரோ எடுத்துப் போனார்கள்.
பஸ் ஏறும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

கீழக்கரையில் ஹாஜா ஷரீபு
செல்போன் கடையை மூடிக்கொண்டு தோஹா போகிறவர்.
கேமராவுக்கென்று மூன்றாவது குழல் வைத்தது,
வளைய விளக்கோடு, பதினான்கரை.
அடியில் ஒரு பாதி லென்ஸ் திருகிக் காட்டினார்:
பெருக்கம் பாதியாகும், கீழே இடம் இரட்டிக்கும்.
சாண் அளவு வெளி. கையும் அயனும் புகையும்
தாராளமாய்ப் புழங்கலாம்.
“ஒரு குறை இருக்கு, சொல்லாம வித்தா பாவம்.”
பக்கத்து நெம்பை இழுத்தார்.
என் இடது கண் அணைந்தது.
வெளிச்சம் கேமராவுக்குப் போய்விட்டதாம்.
மூன்றுக்கும் ஒருசேரத் தருவது
முப்பத்தோராயிரம்.

மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
கண்டக்டர் லக்கேஜ் போட்டார், போடட்டும்.

கச்சான் காற்றில் தகரம் அதிர,
மேசை அதிர, உள்ளே போர்டு துள்ளியது.
பத்து மடங்கு பெருக்கினால்
நடுக்கமும் பத்து மடங்கு.
லாரி ட்யூப் வெட்டி அடியில் கொடுத்தேன்.
பிறகு பழைய போர்டுகளில், கடை அடைத்த பின்,
நெம்பை இழுத்து வைத்துக்கொண்டு பழகினேன்.
ஒற்றைக் கண்ணில் எல்லாம் தட்டை.
மேடு பள்ளத்தைக் கை ஞாபகத்தில் வைக்க வேண்டும்.
பதினோராவது இரவு
எட்டுக் காலும் ஒட்டின, ஒன்றும் சுடாமல்.

ஐப்பசியில் சந்தியாகு எக்கோ சவுண்டரோடு வந்தார்.
திரையை அவர் பக்கம் திருப்பினேன்,
நெம்பை இழுத்தேன்.
சில்லின் கால்களுக்கிடையே
சதுரம் சதுரமாய் ஏதோ மின்னியது.
“இது என்னத்தா?”
“உப்புதான்.”
“நம்ம உப்பா?
இம்புட்டு ஒழுங்காவா இருக்கும்?”
சில்லைக் கழற்றியதையும் புதியதை வைத்ததையும்
பீடி பற்றவைக்க மறந்து பார்த்தார்.

முடிந்ததும் கேட்டார்,
“வீடியோவுக்குத் தனிக் காசோ?”
இல்லை என்றேன்.
“அப்ப கூலில அம்பது கொறை.”

அவர் போனதும் நெம்பைத் தள்ளினேன்.
இடது கண்ணுக்கு வெளிச்சம் வந்தது.
போர்டில் மீண்டும் பள்ளங்கள் விழுந்தன.
ஒரு மூலையில்
இன்னும் கொஞ்சம் பச்சை இருந்தது.