போலே போலே

முத்தையா என்று நர்ஸ் கூப்பிட்டதும்
இரண்டு பேர் எழுந்தார்கள்.
ஒருவர் உசிலம்பட்டி.
இன்னொருவர் நைரோபி.
பாஸ்போர்ட்டில் முத்துவா.
நம் வாய்க்கு அது முத்தையாதான்.

இருபத்தாறு வருடம் சஃபாரி ஜீப் ஓட்டியவர்.
ஊரை ஒட்டியே காடாம்.
ஒட்டகச்சிவிங்கி நிற்குமாம்,
அதன் முதுகுக்குப் பின்னால்
இருபது மாடிக் கட்டடங்கள் தெரியுமாம்.
இங்கிலீஷில் பாதி, கையில் பாதி சொன்னார்.
எனக்குப் புரிந்தது இவ்வளவு:
மிருகத்தை முதலில் பார்க்கிறவனுக்குத்தான் அங்கே சம்பளம்.
அந்தக் கண்ணில்தான் புரை.

ஒரு கண் முடிந்திருந்தது,
மறு கண்ணுக்கு நாலு நாள் இருந்தது.
கோயில், மஹால், தெப்பக்குளம் என்று
விரல் மடக்கினேன்.
"அனிமல்?" என்றார்.

மாட்டுத்தாவணியில் மாடு நின்ற காலம் போயிற்று.
அழகர்கோயிலில் குரங்கு உண்டு,
குரங்குக்குக் காசு வாங்க எனக்கே கூச்சம்.
மூன்று மிருகம், தொள்ளாயிரம் ரூபாய் என்றேன்.

தூசி ஆகாது என்று நர்ஸ் மிரட்டியதால்
ஆட்டோவுக்கு இரண்டு பக்கமும் படுதா கட்டினேன்.
கூரையைத் திறந்து நின்று பழகிய மனிதர்
முழங்கால் தாடையில் இடிக்க
கிழிசல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பசுமலையில் பசுவைக் காட்டினேன்.
நாகமலையில் பாம்பை.
வால்வரை போனால் பெட்ரோல் கட்டாது,
பாதிப் பாம்போடு வண்டியைத் திருப்பினேன்.
ஒத்தக்கடையில் லாரிகளுக்கு நடுவே நிறுத்தி
யானையைக் காட்டினேன்.
கறுப்புக் கண்ணாடியைத் தூக்கி வெகுநேரம் பார்த்தார்.
"நடக்காதா?"
"நடந்தா மேலூர் ரோடு இருக்காது சார்."
"சிங்கம்?"
"அது யானைக்குக் காலடியிலேயே,
நரசிங்கத்துல.
சாயங்காலம் நடை திறந்ததும் கண்டிப்பா கிடைக்கும்."
கண்டிப்பாவா, என்று
நம்பாமல் பார்த்தார்.
அவர் தொழிலில் அப்படி வாக்குக் கொடுக்க மாட்டார்களாம்.

வேகத்தடை வரும்போதெல்லாம்
"போலே போலே" என்றார்.
ஆமா சார், யானை போல,
பசு போல, என்றேன்.
இப்படியே பத்து மைல் ஒத்துப்போனோம்.
அவர் பாஷையில் அது
மெதுவா மெதுவா என்று
அப்புறம்தான் தெரிந்தது.

பொழுது மிச்சமிருந்தது. அரிட்டாபட்டிக்கு விட்டேன்.
கணக்கில் சேராத சவாரி.

பாறைக்கு எதிரே இறங்கி
மூச்சுக் காட்டாமல் நின்றார்.
பிறகு, அதோ.
எங்கே சார்?
அதோ.
எனக்குக் கல்தான் தெரிந்தது.
என் தாடையைப் பிடித்து
பக்கக் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல்
அரை அங்குலம் திருப்பினார்.
போலே.
போலே.
வெடிப்பில் எண்ணெய் வழிந்தாற்போல் ஒரு கறுப்பு,
அதற்கு மேலே துளி வெள்ளை.
வெள்ளை அசைந்தது. தொண்டையாயிற்று.
தலை திரும்பி
எங்கள் இருவரையும் பார்த்தது
ராஜாளி.

பதினொரு வருடமாக
இந்தப் பாறையடிக்கு ஆள் கூட்டி வருகிறேன்.

பறக்கும் என்று காத்திருந்தோம்.
எச்சமிட்டது.
முத்தையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்,
கண்ணில் தண்ணீர் வரக்கூடாதே என்று
நான் பதறினேன்.

ஆசுபத்திரி வாசலில்
தொள்ளாயிரம் எண்ணிக் கொடுத்தார்.
நூறைத் திருப்பி நீட்டினேன்,
முதலில் பார்த்தவர் சம்பளம்.
நூறாக இல்லை, பத்துப் பத்தாகத்தான் இருந்தது.
நடுவில் ஒன்று பழைய தாள், அழுக்கு,
யானையும் புலியும் காண்டாமிருகமும் போட்டது.
புதுக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.
காண்டாமிருகத்தின் மேல் விரலை ஊன்றி
இது எந்த மலை என்று கேட்டார்.