சுக்கான்காரி

ஒன்பது வருடம் நான் பார்த்தது ஆற்றை அல்ல,
ஹைட்ரூன் மாட்ஸ்கேயின் முகத்தை.
ஆறு அவள் தோளுக்கு இருபுறமும் கிழிந்து
கொஞ்சம் கொஞ்சமாய்த் தெரியும், அவ்வளவுதான்.

துடுப்புப் போடும் நால்வருக்கும்
முதுகுதான் முதலில் போய்ச் சேரும்.
கடந்த தண்ணீர் அவர்களுக்கு, வரும் தண்ணீர் எனக்கு.
நாற்பத்தெட்டு கிலோ. அதற்கு மேல் ஏறினால்
இரவில் ரொட்டி கிடையாது, வெந்நீர்.

பிராண்டன்பர்க். மார்ச் மாதம்.
ஏரிக்கரைப் பனிக்கட்டி படகு பட்டு நொறுங்கும்.
அப்போது அவள் செயற்கைப் பல் செய்யப் பழகிக்கொண்டிருந்தாள்,
நகக்கண்ணில் சுண்ணாம்பு மாவு.
ஆறடி. சிரிக்க மாட்டாள்.
துடுப்பைத் தண்ணீருக்குள் வைத்தாள்:
சத்தமே இல்லை,
கடிதத்தை உறையில் போடுவது போல.

ஐந்நூறு மீட்டரில் அவள் மூக்கின் ஓரம் வெளுக்கும்.
ஆயிரத்தில் இடது கண் உள்வாங்கும்.
ஆயிரத்தைந்நூறில் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்,
காலி வீட்டில் விளக்கு மட்டும் எரியும்.
அப்போதுதான் நான் பொய் சொல்வேன்.
"இன்னும் இருபது இழுப்பு!"
முப்பத்திரண்டு இருக்கும்.
இருபது முடிந்ததும் என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.
மிச்சப் பன்னிரண்டையும்
அந்தக் கோபத்தில்தான் இழுத்தோம்.

மூன்று முறை உலகத்தில் முதலிடம்.
கரை தட்டியதும் என்னைத் தூக்கி நீரில் வீசுவார்கள்,
ஜெயித்த படகின் வழக்கம்.
கைகளை ஹைட்ரூன் பிடிப்பாள், கால்களை மார்லிஸ்.
வியர்க்காதவள் நான் ஒருத்தி.
நனைவதும் நான் ஒருத்தி.

எண்பத்து நாலு. மே.
அமெரிக்கா போக வேண்டாமென்று மேலிடம் சொல்லிவிட்டது.
சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது.
அவள் தட்டிலிருந்த உருளைக்கிழங்கை
முழுசாகத் தின்று முடித்து எழுந்தாள்.
அன்று மாலையும் பதினெட்டு கிலோமீட்டர்.
"எதற்கு?" என்றேன்.
"தண்ணீரிடம் யாரும் சொல்லவில்லையே" என்றாள்.

அந்த வாக்கியத்தை அன்றிரவே எழுதிவைத்தேன்.
எனக்காக அல்ல.
மாதம் ஒருமுறை சாம்பல் நிறக் காரில் வருகிறவருக்காக.
நீல மாத்திரைகளை அவள் பூந்தொட்டியில் புதைத்ததையும்,
குரல் ஆண்குரலாகிறதென்று குளியலறையில் அழுததையும்,
ஹாம்பர்க் அத்தை அனுப்பிய காப்பித்தூளையும்
எழுதினேன்.
கோப்பில் என் பெயர் நீர்க்கோழி.
யாரும் மிரட்டவில்லை. சும்மா கேட்டார்கள்.
முகம் பார்த்துச் சொல்வதுதானே என் வேலை.
இன்னும் இருபது இழுப்பு என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சுவர் விழுந்தது. கழகம் படகுகளை விற்றது.
அவளுக்கு முதுகுத்தண்டில் இரண்டு அறுவை,
பிறகு ஹாவெல் ஆற்றில் மதகுக் காவல்.
உல்லாசப் படகுகள் வந்து நிற்கும்,
பொத்தானை அழுத்துவாள், நீர் ஏறும், இறங்கும்.
யாரென்று தெரியாமல் தொப்பிக்காரர்கள் கையசைப்பார்கள்.

கோப்பை அவள் படித்தது தொண்ணூற்றாறில்.
என்னை அழைத்தது இரண்டாயிரத்துப் பத்தொன்பதில்.
நடுவில் ஒரு தபாலட்டை கூட இல்லை.

அக்டோபர். மதகை ஒட்டிய மரமேடை. பிளம்ஸ் கேக்.
முழங்காலைப் பற்றிப் பேசினாள்,
கதவிடுக்கில் மாட்டிக்கொண்ட அன்னத்தைப் பற்றிப் பேசினாள்.
குரல் இன்னும் கட்டையாகத்தான் இருந்தது.
நான் முகத்தையே பார்த்தேன்.
மூக்கின் ஓரம் வெளுத்தது. இடது கண் உள்வாங்கியது.
எத்தனை மீட்டர் பாக்கி என்பதுதான் தெரியவில்லை.

"கடைசிப் பந்தயத்தில் எத்தனை இழுப்பு மறைத்தாய்?"
"பன்னிரண்டு."
"பதினான்கு. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.
ஒவ்வொரு தடவையும்."

பிறகு எழுந்து என் கைகளைப் பிடித்தாள்.
அதே பிடி, கட்டைவிரல் நாடியின் மேல்.
கோட்டோடு, மூக்குக்கண்ணாடியோடு
ஹாவெலில் தள்ளினாள்.

எட்டு டிகிரி இருக்கும்.
நான் மேலே வந்தபோது ஏணியைக் காட்டிக்கொண்டு நின்றாள்.
சிரிக்கவில்லை.
ஜெயித்ததற்கா, அதற்கா,
துவட்டத் துண்டு கொடுத்தாள்,
சொல்லவில்லை.