விசேஷம்

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
"முத்துமாலை மாதிரி இருக்கு பாரு" என்றாள்
பாறசாலை டாக்டரம்மா.
சினைப்பைக்குள் எனக்கு நகை.
நாள்காட்டியில் ஐம்பத்தோரு நாளாக
ஒரு வட்டமும் இல்லை.

திரும்பும் வழியில் களியக்காவிளைச் சந்தை.
அரை மத்தன் வாங்கி
ஆவியில் வேகவைத்து மசித்தேன்.
கருப்பட்டி நகக்கண் அளவு,
சரி, இரண்டு நகக்கண்.
தலைப்பால் மீன்குழம்புக்குப் போயிற்று;
இதற்கு மூன்றாம் பால், சுக்கு,
முந்திரிக்குப் பதில்
மத்தனின் விதையையே வறுத்து.

நாத்தனார் ஜெஸ்லின் மூடியைத் திறந்தாள்.
"பாயசமா? விசேஷம் ஏதும் உண்டுமா மைனி?"
அவள் கண் என் வயிற்றில்.
"உண்டு. இண்ணைக்கு எனக்கு
இனிப்பு தின்ன ஆசை."

"இனிப்பே இல்லியே" என்று முகஞ்சுளித்தவள்
சட்டியை வழித்து
விரலையும் நக்கினாள்.

அரிசிப் பானைக்குப் பின்னால்
என் கிண்ணம்
ஏற்கெனவே ஒளித்தாயிற்று.